கதவுக்குப் படம் வேண்டாம்

படிப்பு முடிந்து வேலைக்குப் போகும்வரை இருந்த இடைவெளியில் நான் வீட்டில் ஒரு இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததாக நினைவில்லை. வேலை கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கடைசி வருஷம் கல்லூரிக்கே வந்து ஒரு கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. சேர வேண்டிய தேதியை மட்டும் தள்ளிக்கொண்டே போனார்கள். முதலில் மூன்று மாதம் என்றார்கள். பிறகு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. அது 2009. உலகம் முழுக்க நெருக்கடி என்று செய்தியில் சொன்னார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் அந்த நெருக்கடி வேறு விதமாக வந்து இறங்கியது.

"வேல வரும்போது வரட்டும். அதுக்காவ சும்மா ஒக்காந்திருக்கணுமா? ஜாதகத்த வெளிய எடுத்துடலாம்" என்றாள் அம்மா.

நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். மெயில் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். திரும்ப நடந்தேன். திரும்பப் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் என் கை ஓடியது ஒரே ஒரு வேலையில்தான். சிதம்பரத்தில் படித்தபோது லேபில் எல்லோரும் ஒரு ஆன்லைன் கேம் விளையாடுவோம். அதில் ஊர் ஊராகப் போய், அங்கே இருப்பவர்களிடம் பேசினால், அவர்கள் நமக்கு ஒரு வேலை கொடுப்பார்கள். தொலைந்த பொருளைத் தேடித் தா, இன்னாருக்குத் தகவல் சொல், இப்படி. அதற்குப் பெயர் குவெஸ்ட். அந்த வேலையை எப்படி முடிப்பது என்று மற்றவர்களுக்கு எழுதிவைப்பது கைடு. ஒரு ரசிகர் இணையதளத்துக்கு நான் கைடு எழுதினேன். சம்பளம் கிடையாது. கீழே என் புனைபெயர் வரும், அவ்வளவுதான்.

என் கைடுகளில் படமே இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எங்கள் வீட்டு பிராட்பேண்டில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு இருந்தது. படம் நிறைந்த பக்கத்தைத் திறந்தால் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். பாதி இறங்கியதும் கரண்ட் போகும். அதனால் நான் எல்லாவற்றையும் எழுத்திலேயே எழுதினேன். பட்ட மரத்துக்கு இடப்புறம், இரண்டு பாறைகளுக்கு நடுவே, நிழல் விழுகிற பக்கமாக என்று எழுதி எழுதி, கண்ணை மூடிக்கொண்டே ஒருவரை நடத்திக்கொண்டு போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அக்காவின் கணவர் ஊருக்கு வந்து சேர்ந்தார். மாமா வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தார். சாரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து அனுப்பியிருந்தார்கள். அவருக்குச் சொந்த ஊர் குமராட்சிப் பக்கம். ஆனால் அவரும் அக்காவும் சிதம்பரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அக்கா வீட்டிலேயே பிளவுஸ் தைப்பாள்.

"நீ இங்க நடக்கற நடைய அங்க போய் நட. அக்காவுக்கு ஒத்தாசையாவாவது இருக்கும்" என்று அம்மா அனுப்பிவைத்தாள்.

அதற்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் சிதம்பரம் பஸ்ஸில்தான் இருந்தேன். திருப்பாப்புலியூரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம். பஸ் ஓடும்போது மட்டும் உள்ளுக்குள் எதுவோ கொஞ்சம் அடங்கும். எங்காவது நின்று ஆள் ஏற்றினால் கால் ஆட ஆரம்பித்துவிடும்.

மாமாவுக்கும் அதே வியாதிதான். ஆனால் அவரால் காலை ஆட்டவும் முடியாது. ஒரு காலை நீட்டியபடி கட்டிலில் கிடந்தார். ஃபேனை நிறுத்தச் சொல்வார், போடச் சொல்வார். டிவி சேனலை மாற்றிக்கொண்டே இருப்பார். வெளியே மினிபஸ் சத்தம் கேட்டால், "குமராட்சி வண்டி போவுது" என்பார். வேலைக்கு ஓடிக்கொண்டே இருந்த மனிதர்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அவர் வெளிநாட்டில் இருந்தபோது அக்காவின் முகம் பார்த்துப் பேசுவதற்காக வாங்கியது. மானிட்டர் தலையில் கேமரா அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்ததால் அதைத் தொடுவார் இல்லை. நான் அதில் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தேன். மாமா முதல் நாள் பார்த்தார். இரண்டாம் நாள், "அந்தப் பக்கம் போய்ப் பாரு பாப்பா" என்றார். மூன்றாம் நாள் கட்டிலை மானிட்டர் பக்கமாக இழுத்துப் போடச் சொல்லி மவுஸைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

அவர் நன்றாகவே விளையாடினார். கை நிதானம் உள்ளவர். பிரச்சினை குவெஸ்டில் வந்தது. மாமா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டுவார். வேலை செய்த இடத்தில் பலகைகளில் இருக்கும் வார்த்தைகள் தெரியும். பத்தி பத்தியாக வந்தால் கண் நின்றுவிடும். நான் எழுதிய கைடைத் திறந்து காட்டினேன். கீழே இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே போனார்.

"எவ்ளோ எழுத்து! படம் எங்க பாப்பா?"

"படம் போட்டா பக்கம் தொறக்கவே லேட் ஆவும் மாமா."

"ஆவட்டுமே. தொறக்கற வரைக்கும் படுத்துக் கெடக்கறேன். எனக்கு வேற என்ன வேல?"

நான் விட்டுக்கொடுக்கவில்லை. நல்ல கைடுக்குப் படம் தேவையில்லை என்று ஏதேதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு பக்கத்து அறையைப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டார். தையல் மெஷின் சத்தம் நின்றது. இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி அக்கா வந்து, குனிந்து, நான் எழுதியதைப் படித்துத் தமிழில் சொன்னாள். அக்கா பி.காம். படித்தவள். "மரத்துக்கு எடது பக்கம் போவணுமாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மெஷின் திரும்ப ஓடியது. கொஞ்ச நேரத்தில் மாமா மறுபடி கூப்பிட்டார். மெஷின் நின்றது.

அப்போது அவர் மாட்டிக்கொண்டிருந்தது ஒரு படகோட்டியின் குவெஸ்டில். ஆற்றின் அக்கரையில் இருப்பவர்கள் மணியடித்தால் படகோட்டி போய் ஏற்றிவருவான். அந்த மணியைக் காணோம். தேடிக்கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு சதுப்பு நிலத்தைத் தாண்டிப் போக வேண்டும். சரியான புல்திட்டில் கால் வைத்தால் நிற்கும், தப்பாக வைத்தால் சேற்றில் மூழ்கிச் சாக வேண்டியதுதான். சதுப்பைத் தாண்டினால் ஒரு பாழடைந்த மாவு மில், அதற்குள் மூன்று அண்ணன் தம்பிகள், அவர்களின் கேள்விகள்.

"எங்கூர்ல வெள்ளம் வடிஞ்சா இப்படித்தான் இருக்கும். கண்ணால பாத்தாத்தான் கால் வெப்போம். எழுதிக் குடுத்தா வெக்க முடியுமா?" என்றார் மாமா.

நான் கடலூர் திரும்பிய பிறகும் போன் வரும். "பாப்பா, செத்துட்டேன்." எடுத்தவுடன் இதுதான். முதல் தடவை பக்கத்தில் இருந்த அப்பா பதறிப்போய் எழுந்துவிட்டார்.

அடுத்த முறை போனபோது அக்கா ஒரு கல்யாண வீட்டு ஆர்டரில் மூழ்கியிருந்தாள். மாமா அவளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அவளும் வந்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. படித்துச் சொல்லிவிட்டு ஓடினாள். கடைசியாக அவள் போனதும் மாமா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பாத்தியா? தண்ணிக்குக் கூப்புடறேன். பாத்ரூமுக்குக் கூப்புடறேன். சட்டய மாட்டறதுக்குக் கூப்புடறேன். வெளாட்டுக்கும் அவளத்தான் கூப்புடணுமா? ஒண்ணே ஒண்ணு, ஒண்ணாவது நானே பண்ணிக்கறேன் பாப்பா."

 எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். படம் பெரிதா எழுத்து பெரிதா என்று நான் வாதாடிக்கொண்டிருந்தது வேறு எதைப் பற்றியோ என்று தோன்றியது.

அன்று மாலை பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். கடலூரில் உட்கார்ந்து அந்த குவெஸ்டை முதலிலிருந்து விளையாடி, ஒவ்வொரு அடிக்கும் திரையைப் படம் பிடித்தேன். பெயின்ட் புரோகிராமில் திறந்து சிவப்பில் வட்டம் போட்டேன், அம்புக்குறி போட்டேன். படகோட்டி நிற்கும் இடம் ஒரு படம். பாதை ஒரு படம். மில் ஒரு படம். மில்லின் கதவு ஒரு படம். உள்ளே போனதும் ஒரு படம். அண்ணன் தம்பிகள் கேட்கும் கேள்விக்கு எந்தப் பதிலை அழுத்த வேண்டும் என்று அதற்கும் வட்டம் போட்டேன். எழுத்தை முழுசாக எடுத்துவிட்டேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் தட்டோடு வந்து உட்கார்ந்தேன். படிப்புக்கு இப்படி உட்கார்ந்தது கிடையாது.

பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மாமா அன்றைக்கு யாரையும் கூப்பிடவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, படத்தைப் பார்ப்பதும் விளையாட்டைப் பார்ப்பதுமாக, சதுப்பைத் தாண்டினார். மில்லுக்குள் போனார். மதியத்துக்குள் குவெஸ்ட் முடிந்துவிட்டது. திரையில் பொற்காசுகள் கொட்டின.

"முடிச்சிட்டேன்" என்றார். ஆனால் அவர் சந்தோஷம் எனக்கு அரைகுறையாகத்தான் பட்டது.

"என்ன மாமா?"

"முடிஞ்சிடுச்சு. ஆனா என்ன நடந்துச்சு? மணிய யாரு எடுத்தது? நீ வட்டம் போட்ட எடத்துலல்லாம் அமுக்கினேன். மெஷினு மாதிரி."

நான் எரிச்சலோடு சமையலறைக்குப் போனேன். அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மாமா இன்னிக்கு என்னக் கூப்புடவே இல்ல" என்றாள்.

"நல்லதுதானக்கா. உன் வேல ஓடியிருக்கும்."

"ஓடுச்சு." கஞ்சியை வடித்து முடித்தாள். பிறகு, "அந்தப் படகுக்காரன் மணி கெடச்சுதா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் இவள் படித்துச் சொல்லிவிட்டுப் போய், மெஷினை மிதித்துக்கொண்டே அந்தக் கதையைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கெடச்சுதுக்கா."

"யாரு எடுத்தாங்களாம்?"

"அதெல்லாம் தூக்கிட்டேன். படம்தான் இருக்குது."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். ஆனால் சாப்பாடு போடும்போதும் முகம் சரியில்லை. அவர் வந்து சேர்ந்ததிலிருந்து மருந்தும் சாப்பாடும் தவிர அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதற்கு இருந்த ஒரே விஷயத்தை நான் வட்டம் போட்டு எடுத்துவிட்டேனோ என்று ஊர் திரும்பும் வழியெல்லாம் குமைந்தேன். கோபமும் வந்தது. ஒருவருக்குப் படம் வேண்டும், ஒருவருக்குக் கதை வேண்டும், தளத்தில் இருப்பவர்களுக்குப் பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும். நான் என்னதான் செய்வது?

இதற்கு நடுவில் திட்டக்குடியிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வருவதாக முடிவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அம்மா எடுத்த பட்டுப்புடவைக்குப் பிளவுஸ் தைக்க அக்காவிடம்தான் கொடுத்திருந்தாள். அக்காவால் வீட்டைவிட்டு வர முடியாது. அதனால் ஞாயிறு காலையில் என்னையே போய் வாங்கிவரச் சொன்னாள் அம்மா.

"போனதும் எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துடணும். கம்ப்யூட்டர் பக்கம் போன, பாத்துக்க."

போனேன். பிளவுஸ் தயாராக இருந்தது. அக்கா காகிதப் பையில் போட்டு நீட்டினாள். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. இத்தனை மாதம் உட்காரவே முடியாமல் இருந்தவளுக்கு அன்றைக்கு எழுந்திருக்க முடியவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாவலயா?" என்றாள் அக்கா.

"இந்தக் கைடத் திரும்ப எழுதணும். நீ படிச்ச பழசையும் படத்தையும் சேத்து வெச்சுப் பாக்கணும்."

"இன்னிக்கா?"

மாமா என் முகத்தைப் பார்த்தார். "இன்னிக்குத்தான். நீயும் வந்து ஒக்காரு" என்றார் அக்காவிடம்.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். அக்கா பழைய கைடை வரி வரியாகப் படித்தாள். மாமா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது வேணாம்."

"கதவு மாமா அது. கதவு தெரிய வேணாமா?"

"கதவு கதவாத்தான இருக்கும்? அதுக்கு எதுக்குப் படம்? கதவுன்னு எழுது, போதும். அது எனக்கே படிக்க வரும்." கதவுப் படம் போனது. படகோட்டி படம் போனது. "அவன் படகுலதான நிப்பான், வேற எங்க நிப்பான்?" மில்லின் படமும் போனது. சதுப்பு வந்ததும் கையை உயர்த்தினார். "இத வை. ஆனா நீ துண்டு துண்டா எடுத்திருக்க. ஒரே படமா, மேலேந்து பாக்கற மாதிரி, மொதல் அடி கடைசி அடி தெரியற மாதிரி வை."

அக்கா தடுத்தது வேறு இடத்தில். "இந்த அண்ணன் தம்பிங்க பேசறத நீ வெறும் வட்டம் போட்டு விட்டா எப்புடி? எதுக்கு அந்தப் பதில சொல்றோம்னு ஒரு வரி எழுது. இல்லன்னா அடுத்த தடவ அவன் கேள்விய மாத்திக் கேட்டா முழிக்க வேண்டியதுதான்." விளையாட்டில் உண்மையிலேயே கேள்வி மாறி மாறித்தான் வரும். நான் பிடித்தது ஒரு வரிசையை மட்டும்தான். மாமாவுக்கும் அதே வரிசை வந்தது அதிர்ஷ்டம்.

நடுவில் கரண்ட் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, அக்கா மிச்சக் கதையைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மணியை எடுத்து மில்லில் ஒளித்தவள் படகோட்டியின் பெண்டாட்டி. யார் மணியடித்தாலும் அவன் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடுகிறான் என்று அவளுக்குக் கோபம்.

"அதான பாத்தேன்" என்றாள் அக்கா.

மாமா சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்து அப்போதுதான் கேட்டேன்.

போன் அடித்தது. அம்மாதான். எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். மாமா கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"அத்த, பாப்பா இங்கதான் இருக்குது... இல்ல, நான்தான் நிறுத்திக்கிட்டேன். எனக்கு ஒரு வேல ஆவணும்... ஆமா, அவுங்க வந்தா வந்துட்டுப் போவட்டும். அதுக்குப் புடிக்கலன்னு சொல்லுதுல்ல? நீங்க கேக்கலயா?"

நான் பிடிக்கவில்லை என்று அவரிடம் சொன்னதே இல்லை. அம்மா அந்தப் பக்கம் சத்தம் போடுவது எங்களுக்கே கேட்டது. மாமா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சரிங்கத்த, சரிங்கத்த" என்று கேட்டு முடித்துவிட்டு வைத்தார்.

"பாப்பா, அடுத்த படத்தக் காட்டு" என்றார். கரண்ட் இன்னும் வந்திருக்கவில்லை.

திட்டக்குடிக்காரர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். அம்மா வெகுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா மட்டும், "சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்" என்றார். அது நியாயம்தான். ஆனால் சொல்லியிருந்தால் போக விட்டிருக்கமாட்டார்கள்.

அந்தக் கைடு தளத்தில் வந்தது. தலைப்புக்குக் கீழே அக்காவுக்குப் பிடித்த மாதிரி கதை நான்கு வரி. பிறகு சின்னச் சின்ன வாக்கியங்கள், மாமா எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துத் தேறியவை மட்டும். மூன்றே படங்கள். கீழே ஒருவர் படம் இன்னும் வேண்டும் என்று எழுதினார். இன்னொருவர் படமே வேண்டாம், பக்கம் நகரமாட்டேன் என்கிறது என்று எழுதினார். அக்கா இரண்டையும் மாமாவுக்குப் படித்துக் காட்டினாள். "ரெண்டு பேரும் இங்க வந்து ஒக்காந்து பேசட்டும்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேருமாக இன்னும் சில கைடுகள் செய்தோம். மாமா வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தார். வாசல்வரை, பிறகு தெருமுனைவரை. நடக்க ஆரம்பித்ததும் அவருக்கு விளையாட்டில் பொறுமை குறைந்துபோனது. அதிலும் ஒரு வருத்தம் எனக்கு. 2010இல் எனக்கு ஒருவழியாகச் சேரச் சொல்லி மெயில் வந்தது. மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை, சென்னையில். அதே வருஷம் மாமாவும் திரும்ப விமானம் ஏறினார். சாரத்தில் ஏற முடியாது என்பதால் ஸ்டோரில் பொருள் எடுத்துக் கொடுக்கும் வேலை. அக்கா தனியாக இருந்த நாட்களில் கம்ப்யூட்டரைத் திறந்து தானே விளையாட ஆரம்பித்தாள். கைடுகளில் கதை நான்கு வரியிலிருந்து எட்டு வரி, பத்து வரியாக நீண்டது அவளால்தான். தளத்துக்காரர்கள் வெட்டினால் என்னோடு சண்டைக்கு வருவாள்.

2012இல் மாமா அவளையும் அழைத்துக்கொண்டார். ஒரே ஒரு அறை, ஆனால் நல்ல இன்டர்நெட் என்று அக்கா போனில் சொன்னாள். அலுவலகம் முடிந்து நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். புதிதாக வந்த ஒரு குவெஸ்டுக்கு நான் எழுதிய கைடைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து மாமாவின் குரல்.

"அங்க போவாத, அது வழி இல்ல. படத்தப் பாரு."

"படத்துல இருக்கறது போன மாசத்து வழி. என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சீங்களா?"

"படிச்சேன். நீதான் படிக்கல."

"நானா? நானா படிக்கல?"

நான் லைனில் இருப்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். என் பஸ் வந்தது, போனது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, போனை வைத்தேன்.